துள்ளும் தரை

தடுப்பு கூரையைத் தொடக்கூடாது.
தொட்டால் அது அறை.
அறை என்றால் ஜன்னல் வைக்க வேண்டும்,
ஜன்னல் வைத்தால் சட்டம் வேறு.
ஆகவே ஆறடியோடு நிறுத்து என்றது
டப்ளினிலிருந்து வந்த மின்னஞ்சல்.
நிறுத்தினேன்.
தச்சனுக்குக் கூலி அடிக்கணக்கில்.
மேலே மிஞ்சிய வெற்றிடத்துக்கு
யாரும் பில் போடவில்லை.

கிளென்மோயில் மழை
கடலிலிருந்து படுத்தபடிதான் வரும்.
மரைன் ஹோட்டலில் கல்யாண விருந்துகள் நின்று
மூன்று வருஷம்.
நடனக்கூடத்தில் இப்போது முப்பத்திரண்டு தடுப்புகள்,
தடுப்புக்கு இரண்டு கட்டில்.
ஒன்பதாம் எண் இருக்கிற இடத்தில்தான்
நானும் ஃபினூலாவும் கேக் வெட்டினோம்.
அன்று அவள் தம்பி ஈமன் குடித்துவிட்டு
வந்தவர் போனவர் எல்லோரையும் கட்டிப்பிடித்தான்.
இன்று வாசலில் அட்டை பிடித்து நிற்கிறான்:
'எங்களைக் கேட்டீர்களா?'
கேட்கவில்லைதான்.
உள்ளே இருப்பவர்களையும் கேட்கவில்லை.
ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது;
தச்சன் நான், அளவெடுத்துப் பார்த்துவிட்டேன்.

தரையைப் பற்றி எந்தக் கோப்பிலும் இல்லை.
ஆடுவதற்கென்றே போட்ட தரை அது.
பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம்,
அதற்கும் அடியில் ரப்பர்.
கால் வைத்தால் வாங்கிக்கொண்டு திருப்பித் தரும்.
இரவில் ஒருவர் புரண்டால்
அறுபத்துநாலு கட்டிலுக்கும் சேதி போகும்.
யார் தொழ எழுந்தார்,
யார் இருமலை அடக்கினார்,
யார் சத்தமில்லாமல் அழுதார்,
எல்லாம் முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிடும்
என்றார் இத்ரீஸ்.
நியாலாவில் பாலம் கட்டிய பொறியாளர்.
'குறை சொல்லவில்லை' என்று சொல்லிவிட்டுத்தான்
குறையை ஆரம்பிப்பார்.

ஒன்பதில் பிளக் இல்லை.
பத்தில் இரண்டு.
ஒன்பதில் எரித்திரியாவின் செம்ஹார்,
பத்தில் ஜார்ஜியாவின் மனானா.
இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.
செம்ஹார் விரலைப் பலகையில் வைத்து
இந்த அளவுக்கு, என்று என்னைப் பார்த்தாள்.
துளைத்தேன்.
முதலில் சார்ஜர் வயர் போனது.
பிறகு பென்சில், மாத்திரை அட்டை,
ஒருநாள் சுருட்டிய பத்து யூரோ நோட்டு.
அது திரும்பி வந்தது.
மறுபடியும் போனது.

வியாழன் மாலை நாலரைக்குக் கடிதம்.
வெள்ளி காலை எட்டு மணிக்குப் பேருந்து.
கொள்கை திருத்தப்பட்டிருக்கிறதாம்:
அசைகிற தரை தங்குவதற்குத் தகுதியற்றது.
பழைய ராணுவத் திடலில் கூடாரம் தகுதியானது;
அங்கே தரையே கிடையாது, சேறுதான்.
ஒற்றைப்படை எண்கள் தெற்கே,
இரட்டைப்படை எண்கள் கிழக்கே.
எண்ணைப் போட்டவன் நான்.
ஸ்டென்சில் வைத்து, கறுப்புப் பெயின்டில்,
சாயாமல் நேராக.

பேருந்து வாசலை அடைத்துக்கொண்டது.
மனானாவின் பெட்டி படியில் சிக்கியது.
ஈமன் அட்டையைக் கீழே வைத்தான்,
பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினான்,
கையைத் துடைத்துக்கொண்டு
மறுபடி அட்டையை எடுத்தான்.
இதைப் பற்றி அவனிடம் யாரும் பேசுவதில்லை.

தடுப்புகளைக் கழற்றவும் என்னையே கூப்பிட்டார்கள்.
வேலையை விட்டுவிட்டு ஒருதரம்
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தேன்.
தரை ஒவ்வொரு காலடியையும் திருப்பித் தந்தது.
வாங்கிக்கொள்ளக் கட்டில் இல்லை.

படிவத்தில் கேட்டிருந்தது:
'தடுப்பு 9–10. சேதம். காரணம்?'
பதிலுக்கு ஒரு வரி இடம்.
மின்சாரம், என்று எழுதினேன்.
நாற்பது யூரோ பிடித்துக்கொண்டார்கள்.
பணம் பிடித்தாகிவிட்டதே, பலகை என்னுடையதுதானே
என்று வேனில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இது எதற்கு என்றாள் ஃபினூலா.
கோழிக்கூண்டுக்கு, என்றேன்.
கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது,
துளை என் இடுப்பு உயரத்தில்.
இன்னும் கோழி வாங்கவில்லை.