அரளி தவிர

வீடு கட்டி முடித்தபின் மிஞ்சியது
நாலடி அகலம், இருபத்திரண்டடி நீளம்,
அதிலும் ஒரு மூலை செப்டிக் டேங்குக்கு.
கரண்ட் பில்லின் முதுகில் எழுதினேன்:
நிலச்சம்பங்கி, மழை லில்லி, கல்வாழை,
கனகாம்பரம், டிசம்பர் பூ,
இட்லிப்பூ, நந்தியாவட்டை.
கீழே எபிநேசர் தன் கையெழுத்தில்
ஒரே சொல் சேர்த்திருந்தார்:
அரளி.

காரணமும் வைத்திருந்தார்.
விருதம்பட்டு போர் தண்ணீர்
குடத்துக்குள் வெள்ளை வளையம் விடும்.
சித்திரையில் மாடிக் குழாயைத் திறந்தால்
அப்படியே ரசத்துக்குப் புளி கரைக்கலாம்.
'பெங்களூர் ரோட்டு நடுவுல பாரு.
லாரிப் புகை, வெயிலு, ஒருத்தனும் கண்டுக்கறதில்ல.
பூத்துக்கினே இருக்குது.
நமக்கு ஏத்த செடி அதான்.'

ஏற்றதுதான்.

சேண்பாக்கம் தாண்டி முனிரத்தினத்தின் நர்சரி.
பச்சை வலைக்குக் கீழே வேறொரு வெயில்.
கிழங்குகள் பழைய வெங்காய மூட்டையில் கிடந்தன,
பெயரில்லாமல், மண்ணோடு.
'எது என்ன கலர்னு எப்படித் தெரியும்?'
'பூத்தா தெரியும் சிஸ்டர்.'
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்,
நரம்பு தேடும் அதே விரலால்.
மெத்தென்றவற்றை ஒதுக்கி
கெட்டியாகப் பதினொன்று எடுத்தேன்.

கல்வாழையை அவரே அடித்துவிட்டார்.
'உப்புத் தண்ணியா? எல ஓரம் கருகிடும்.'
டிசம்பர் பூவுக்கும் உதட்டைப் பிதுக்கினார்,
மீதி மாசமெல்லாம் வெறும் சுள்ளி என்று.
மார்கழிக்காகச் சுள்ளியைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றேன்.
நந்தியாவட்டை, அடுக்கா ஒத்தையா?
ஒத்தை.

பிறகு அரளி வரிசை.
வெள்ளை, ரோஸ், கடைசியில் மஞ்சள்.
'இத வச்சிப் பாரு சிஸ்டர்,
ஆடுகூட வாய் வைக்காது.'
'அதனாலதான் வேணாம்.'
சிரித்தார்,
நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று.

ஏழு வருஷமாக அவசரப் பிரிவு.
சில செடிகளின் பெயரை நான்
பூக்காரியிடம் கேட்டதைவிட
ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடி வருகிறவர்களிடம்தான்
அதிகம் கேட்டிருக்கிறேன்.
ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது.
மானிட்டரில் பச்சைக் கோடு
ஒவ்வொரு முறையும் ஏறுமுன் யோசித்தது.
விடியும்வரை கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள்.
செருப்பில் ஒற்றை காணவில்லை என்று
அவள் அம்மா வார்டையே இரண்டாக்கினாள்.
அவ்வளவு நல்ல சண்டையை
நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

எபிநேசரிடம் இதைச் சொல்லவில்லை.
பால் பட்டால் கறை என்றேன்.
பூச்சி வரும் என்றேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.
பில்லை எடுத்துத் தன் சொல்லின்மேல்
தானே கோடு போட்டார்.

'அப்ப காகிதப்பூ?'
'முள்ளு.'
'முள்ளெல்லாம் ஒரு காரணமா?'
இல்லைதான். கேட்டோரம் ஒன்று வந்தது,
ரத்தச் சிவப்பு வேண்டாமென்று
ஆரஞ்சில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நட்டோம்.
அவர் எருவைப் பிசைந்து போட, நான்
கூர்முனை மேலே பார்க்க ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
பதினொன்றாவது கிழங்குக்கு
தலை எது, கால் எது, தெரியவில்லை.
எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி.
முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.
பின்னால் லாரி ஹாரன், அதற்கு நடுவே அவர் குரல்:
'பக்கவாட்டுல படுக்க வையி சிஸ்டர்.
மேல் எதுன்னு அதுக்குத் தெரியும்.'

படுக்க வைத்தேன்.
மண்ணை இழுத்து மூடினேன்.
ஒரு சொம்பு தண்ணீர், கேன் தண்ணீர்தான்,
எபிநேசர் பார்க்காத நேரத்தில்.
பழக்கதோஷம்,
பில்லின் முதுகில் நேரம் குறித்தேன்:
ஆறு நாற்பது.