பதினெட்டு

வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள்:
பாட்டு வராவிட்டால் போகிறது,
கூடாரம் அடிக்கத் தெரியாவிட்டாலும் போகிறது,
எண்ணத் தெரிய வேண்டும்.
அரை மணிக்கு ஒருமுறை, தலையைத் தொட்டு.

ஏழு நாளுக்கு நாலாயிரத்து இருநூறு.
விசில் முகாமுடையது.
தொலைத்தால் அறுபது ரூபாய் பிடித்தம்.

அஸ்தம்பட்டியில் வேன் ஏறியபோது பதினெட்டு.
இருபது கொண்டை ஊசி வளைவுகளில்
ஐந்து பேர் வாந்தி எடுத்தார்கள்.
பதினோராவதில் நானும்,
சன்னல் பக்கம் திரும்பி,
'பொறுப்பாளர்' என்று எழுதிய அட்டை
நனையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

முதல் இரவு
காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் உட்கார்ந்தோம்.
கீழே சேலம்,
பரப்பிவிட்டு அள்ள மறந்த ஜவ்வரிசியாய்.
அதுல எங்க வீடு எதுக்கா, என்றாள் நித்திலா.
ஒரு வெளிச்சத்தைக் காட்டினேன்.
சத்தியமாய் எனக்குத் தெரியாது.
அதையே பார்த்தபடி தூங்கிப்போனாள்.
மறுநாள் மஞ்சு இறங்கி ஊரே அழிந்தது.
"எங்க வீட்ட அணைச்சிட்டாங்க" என்று
அவள் அழுததற்கு
பயிற்சிக் கையேட்டில் பதில் இல்லை.

மூன்றாம் நாள் விடியலில்
குகப்பிரியனின் போர்வை நனைந்திருந்தது.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
தூங்குகிறவன் அவ்வளவு விறைப்பாய்ப் படுக்கமாட்டான்.
பல் தேய்க்கப் போனவர்களின் இரண்டு பாயிலும்
என் பாயிலும்
குடத்துத் தண்ணீரைச் சாய்த்தேன்.
ராத்திரி ஓடு ஒழுகிவிட்டது என்றேன்.
வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை.
நல்லவேளை, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு, மலை.
சேர்வராயன் உச்சிக்கு ஒற்றையடிப் பாதை.
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி
எங்களைவிட நிதானமாய் ஏறிக்கொண்டிருந்தது.
இன்னும் எவ்வளவு தூரம் என்றான் தென்னவன்.
அந்த வளைவுவரைதான் என்றேன்,
ஒன்பது முறை.
வாயைப் பிளந்த ரிஸ்வானாவின் ஷூவை
என் தலைமுடி ரப்பரால் கட்டினோம்.
வழியில் கிடந்த காட்டெருமைச் சாணி
இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்ததால்
கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை.
அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த அமைதி
அவ்வளவுதான்.

உச்சியில் செம்மண் வெளி.
காற்று எங்கள் தொப்பிகளைக் கேட்டது.
எண்ணினேன்: பத்தொன்பது.
தலையைத் தொட்டு, மெதுவாய், மறுபடி:
பத்தொன்பது.

குறைந்தால் என்ன செய்வதென்று
இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
கூடினால்?

வரிசையின் கடைசியில்
ரப்பர் செருப்பு, ரேஷன் பை,
மற்றவர்களைப் போலவே கை தலைமேல்.
எந்த வளைவில் சேர்ந்தாளோ.
உன் பேரென்ன என்றேன்.
"பத்தொம்போது" என்றாள்.

பிஸ்கட் இரண்டு வாங்கினாள்,
ஒன்று வாய்க்கு, ஒன்று பைக்கு.
விசிலை ஒருதரம் ஊதிப் பார்க்கட்டுமா என்றாள்.
ஊதினாள். எல்லோரும் சிரித்தோம்.
எதிர்ச்சரிவில் ஆடு இறங்குவது போல இறங்கிப் போனாள்.
கிளம்பும் நேரம்
விசிலென்று நினைத்து
வெறுங்கையை வாயில் வைத்தேன்.

கடைசிக் காலை.
பெட்டிகளை வேனில் ஏற்றும்போது
எதிர்மலையில் ஒரு விசில்.
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு,
அச்சு அசல் நான் ஊதுகிற மாதிரி.
போட்டது போட்டபடி ஓடிவந்து
பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள்.
நான் கூப்பிட்டு ஒருநாளும்
இவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை.

பிடித்தம் போக
நாலாயிரத்து நூற்று நாற்பது.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
நித்திலாவை அழைத்துப்போக வந்த அப்பாவிடம்
வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா என்று மட்டும் கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

ஐந்து ரோட்டில் டவுன் பஸ்.
உட்கார்ந்ததும் கண்கள் தாமாகவே
முன்னாலிருந்த தலைகளை எண்ண ஆரம்பித்தன.
பன்னிரண்டில் இருந்தபோது
கண்டக்டர் விசில் ஊதினார்.
சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.