எடைமேடைப் பதிவு: ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பச்சை இலை வராது.
கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் ஃபாக்டரி வாசலில்
எடைமேடை சும்மா கிடக்கும்.
சாவி என்னிடம்தான்.
ஆகவே முதலில் ஏற்றி நிறுத்துங்கள் என்றேன்,
பேச்செல்லாம் அப்புறம்.

பெள்ளிராஜின் சின்ன வண்டி எழுநூற்றுத் தொண்ணூறு.
பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டிருக்கிறான்,
அவன் மனைவி அதில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள்.
டாக்டர் வசுமதியின் இரண்டு கதவுக் கூப்பே
கோயமுத்தூரிலிருந்து ஓட்டி வந்தது,
நீள மூக்கு, தோல் சீட்டு,
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
"டிக்கியில் என்ன, பிணமா?" என்றான் பெள்ளிராஜ்.
"எட்டு சிலிண்டர்" என்றார் அவர்.
சிரிக்கவில்லை.

எஸ்டேட் ரோடு ஒரு சுற்று இரண்டரைக் கிலோமீட்டர்.
மேடையில் தொடங்கி, சில்வர் ஓக் வரிசையோடு இறங்கி,
ஓடைப் பாலத்தில் திரும்பி,
லயன் வீடுகளுக்குப் பின்னால் ஏறி, மறுபடி மேடை.
பதினொரு வளைவு.
குறுக்கு வழிகளுக்குச் சங்கிலி போட்டாயிற்று.
என் மகனின் ஃபோன்தான் ஸ்டாப்வாட்ச்.

முதல் சுற்றில் டாக்டர்
ஏழாம் வளைவுக்கு வந்த வேகத்தில் வந்தார்.
பிரேக்கை மிதித்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார்.
வண்டிக்கு அது காதில் விழவில்லை.
மூக்கு தன் பாட்டுக்கு நேரே போய்
இரண்டு தேயிலைச் செடிகளை
முறித்துக்கொண்டு நின்றது.
மேலே நின்ற கூட்டம் ஓவென்றது.

எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது.
போன மழைக்காலம், கரண்ட் திரும்பி வந்த நேரம்,
மேடையில் காட்டெருமை ஏறி நின்றது.
சிவப்பு எண்கள்: தொள்ளாயிரத்து நாற்பது.
டார்ச் அடித்தேன்.
அது பதறவில்லை.
தலையைத் தாழ்த்தியது,
மொத்தப் பாரத்தையும் முன்னங்காலில் இறக்கியது,
அப்புறம்தான் திரும்பியது.
திரும்பியபோது அவ்வளவு பாரமும் எங்கே போனதோ,
ஓர் இலை அசையவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்.
மேனேஜர் சிவப்பு மையால் அடித்தார்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை,
இலை நிறுக்கிறவள் நான்.
தண்ணீர் பாட்டிலை நீட்டி
"கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க அதுகிட்ட" என்றேன்,
அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றில்
வளைவுக்கு மூன்று மரம் முன்பே பிரேக் விளக்கு எரிந்தது.
மூக்கு தாழ்ந்தது.
காத்திருந்தார்.
அரை மூச்சு.
பிறகு அத்தனை இரும்பும் ஒரே சொல்லாய் வளைந்து
பாலத்தைப் பார்த்துப் போனது.
ஏற்றத்தில் எட்டு சிலிண்டரும் வாய் திறந்தபோது
லயன் வீடுகளில் பாத்திரங்கள் பதில் சொன்னன.

மூன்றாம் சுற்றில் பிரேக் நாறியது,
அடிப்பிடித்த பால் மாதிரி.
பெடல் தரை வரைக்கும் போகிறது, கியரிலேயே இறங்கினேன்
என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.
பெள்ளிராஜ் நாலு நொடி முன்னால். ஐநூறு ரூபாய் அவனுக்கு.
வாங்கிப் பையில் போட்டவன்
கூப்பேயைச் சுற்றிச் சுற்றி வந்தான்,
சக்கரத்தில் கை வைத்துச் சுட்டுக்கொண்டான்.
"ரெஜினாக்கா, ரெண்டாம் சுற்று மட்டும்
எவ்வளவு வித்தியாசம்?"
அரை நொடி என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி மேடையில் ஏற்றினேன்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
பெட்ரோல் என்றான் ஒருவன், ரப்பர் என்றான் ஒருவன்.
என் மேடை பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்,
ஒரு சொட்டுக் குறைந்தாலும் பத்து என்று பொய் சொல்லும்
என்று யாரிடம் சொல்ல?

பேடு மாற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு வருகிறாராம்.

பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
செடி இரண்டு, சேதம்.
மேனேஜர் கேட்டால்
காட்டெருமை என்பேன்.