கண்ணாடிக்கு அப்புறம்

பாலவாக்கம், காலை ஆறு பத்து.
வாடகை மட்டையில் யாருடைய வியர்வையோ.
இத்தனை துளை இருக்கிறதே,
பந்து உள்ளே போய்விடாதா என்று கேட்டேன்.
ஜெசிந்தா சிரித்ததில் பக்கத்து கோர்ட் திரும்பிப் பார்த்தது.

சர்வீஸ் இடுப்புக்குக் கீழே.
பந்து முதலில் தரை, அப்புறம் கண்ணாடி,
அப்புறம்தான் நீ.

எனக்கோ எது வந்தாலும் பாய்ந்தே பழக்கம்:
ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி,
மேனேஜரின் நள்ளிரவு மெயில்.

பதினோரு பந்து கம்பிவலையில்.
ஒன்று வேலி தாண்டி
இளநீர் வண்டிக்குள் விழுந்தது.
அவர் திருப்பி எறிந்தது
என் சர்வீஸை விட நேராக வந்தது.

உப்புக்காற்று. மூக்குக்கண்ணாடியில் ஆவி.
அடுத்த பந்தை நான் பார்க்கவேயில்லை,
காதோரம் கடந்து போனது.
போகட்டும் என்று நின்றுவிட்டேன்.

பின்னால், டொக்.

தோளருகே மஞ்சளாய்
அவசரமே இல்லாமல்
இறங்கிக்கொண்டிருந்தது.

அடித்தேன். வலையில் மோதி
எங்கள் பக்கமே விழுந்தது.

"பாயிண்ட் போச்சுடி."

நான் இன்னும் திரும்பி நின்று
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பந்து பட்ட இடத்தில்
வட்டமாய்க் கொஞ்சம் மணல்.