கொட்டாவி

நாலாம் நாற்காலியில் வெர்லின் ஹாக்ஸ்டட் கொட்டாவி விட்டார்.
மணி பத்தே கால். வெளியே மைனஸ் இருபத்தாறு.
மைனாட் ஊரின் தானியக் கிடங்குகள்
பனிப்புகைக்குள் இருக்கின்றனவா, இல்லையா, தெரியவில்லை.
நான் ஓடினேன்.
கொட்டாவிக்கு ஓடுகிற வேலை
உலகத்தில் வேறு இருக்கிறதா என்ன?

எண்பத்திரண்டுக்கு நாற்பத்தாறு.
நீர் இழுப்பதை நிறுத்தினேன்,
கால்பக்கம் உயர்த்தித் தலைப்பக்கம் தாழ்த்தினேன்,
எடுத்ததில் இருநூறு மில்லியை
உப்புநீராகத் திருப்பிக் கொடுத்தேன்.
"தூங்கிப்போயிட்டேனா?" என்றார்.
இல்லை என்றேன்.

அக்டோபரில் இதே நாற்காலியில்
கெர்மிட் பியர்க்கி கொட்டாவி விட்டபோது
போர்வை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

வெர்லினுக்குப் பித்தப்பை அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறி,
பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சை.
எல்லாம் மீண்டது, சிறுநீரகம் தவிர.
கழுத்தோரம் குழாயோடு எங்களிடம் அனுப்பினார்கள்.
'திடீர்ச் சிறுநீரகக் காயம்' என்றது தாள்.
என் மொழியில் காயம் என்றால் புண்,
காயம் என்றால் உடம்பும்தான்.
எந்தக் காயமும் காய்ந்தால் ஆறும்.
இந்தக் காயம் காய்ந்தால் செத்துப்போகும்.
இதை யாரிடம் சொல்வது, இந்த ஊரில்?

அஞ்சாம் நாற்காலி லவர்ன் பாய்ட்ரா. பதினோரு வருஷம்.
அவள் முழங்கையில் காது வைத்தால்
ரத்தம் தேனீக்கூடாய் இரையும்.
"நீ வாடகைக்கு வந்தவன், நான் வீட்டுக்காரி.
சுவரில் ஆணி கீணி அடிக்காதே"
என்பாள் வெர்லினிடம்.

அவர் மனைவி ஆர்லிஸ்
கன்றுக்குப் பால்மாவு கலக்கிய ஜாடியில்
மார்க்கரால் கோடு போட்டிருந்தாள்.
எழுபது மைல் ஓட்டிவந்து
பூட்ஸைக் கழற்றுமுன் எண்ணைச் சொல்வாள்:
தொண்ணூறு.
நூற்று நாற்பது.
மறுபடி தொண்ணூறு. அன்று யாரும் பேசவில்லை.
ஒரு மனுஷனின் மூத்திரத்துக்காக
இத்தனை பேர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

கொட்டாவி விட்ட அன்றே டாக்டர் ஆஸ்லாக்சனைக் கூப்பிட்டேன்.
மூன்று லிட்டர் என்பது அஞ்சாம் நாற்காலிக் கணக்கு,
ஆறாம் நாற்காலிக் கணக்கு.
இவருக்கு ஒன்று போதும்.
கால் வீங்கினால் கொஞ்சம் வீங்கட்டும்.
ரத்தம் செவ்வாய்தோறும் பாருங்கள், மாதம் ஒருமுறை இல்லை.
குரல் உயர்ந்திருக்க வேண்டும்,
இயந்திர இரைச்சலைத் தாண்டிப் பத்துத் தலைகள் திரும்பின.

முன்னூறு. அறுநூற்றைம்பது.
ஒரு செவ்வாய் ஆர்லிஸ் எண்ணே சொல்லவில்லை.
"ஜாடி போதலை," என்றாள்.
எழுபத்தோராம் நாள் அது.
கிரியாட்டினின் தானாக இறங்கியிருந்தது,
பழையபடி ஆகாது, பாதிக்குக் கொஞ்சம் கீழேதான்,
என்றாலும் இறங்கியிருந்தது.
சனிக்கிழமை வர வேண்டாம் என்றார் டாக்டர்.
வெர்லினுக்குப் புரியவில்லை:
"சரி, அப்போ எப்போ வரணும்?"

லவர்ன் சுவரைப் பார்த்திருந்தாள்.
"ஆணி எதுவும் அடிக்கலையே?" என்று மட்டும் கேட்டாள்.

கெர்மிட் இன்னும் வருகிறார்.
மதிய ஷிஃப்ட், பன்னிரண்டாம் நாற்காலி.
பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்,
இதய வால்வு அறுவைக்குப் பிறகு இப்படி.
அவருடைய தொண்ணூறாம் நாளில் படிவம் வந்தது.
'நிரந்தரம்' என்ற கட்டத்தில்
டாக்டர் கையெழுத்துக்கு முன்னால்
டிக் அடித்தவள் நான்.
அவர் சிறுநீரகம் எப்படியும் எழுந்திருக்காது, ஒருவேளை.
ஒருவேளை.
எத்தனை கொட்டாவி என்று எந்தத் தாளிலும் இல்லை.
எனக்கு ஏழு ஞாபகம் இருக்கிறது.
"நீ போர்த்திவிடுவாயே,
இந்த இடத்தில் அது ஒன்றுதான் சுகம்" என்கிறார்.

சனிக்கிழமை நாலாம் நாற்காலியை
மருந்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அஞ்சிலிருந்து சத்தமாக ஒரு கொட்டாவி.
ஓடினேன்.
நூற்று முப்பத்தெட்டு.
"எனக்கு ஒண்ணுமில்லடி," என்றாள் லவர்ன்.
"பக்கத்துல பேச ஆள் இல்லை. போரடிக்குது."