கண்ணாடிக் குடை

ஐப்பசி மழையில்
இந்திரா நகர் ஸ்டேஷன் படியிறங்கி
குடையை விரிக்கிறேன்.
கடைசிப் படியில் கூடையோடு ஒதுங்கியிருக்கும் பூக்காரம்மா
"இன்னா சார், மேல ஒண்ணுமே இல்லியே" என்கிறாள்.

இருக்கிறது. தெரியாது, அவ்வளவுதான்.
ஒகயாமாவில் ஒரு முக்குக் கடையில்
ஐந்நூற்றைம்பது யென் கொடுத்து
நாச்சியப்பன் வாங்கித் தந்தது.
"மழையே பெய்யாத ஊருடா இது, நீ வந்ததும் பெய்யுது."
அதைக்கூடக் காதருகே குனிந்து சொன்னான்,
கடன் கேட்பவன் போல.

சைதாப்பேட்டை மாடியறையில்
அவன் தும்மினால் கீழ்வீட்டுக் குழந்தை அழும்.
ஒன்றாம் நடைமேடையில் நின்றபடி
இரண்டாம் நடைமேடைக்காரரிடம்
வேர்க்கடலைக்குப் பேரம் பேசியவன்.
டிராமில் அவன்
உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கியபோது
யாரோ நாச்சியின் சட்டையை மாட்டிக்கொண்டு
ஸ்டேஷனுக்கு வந்து என்னை அழைத்துப் போகிறார்கள்
என்று நினைத்தேன்.

ஒன்றரை நாள்.
கோட்டை கறுப்பு. காக்கைக் கோட்டை என்பார்களாம்.
உள்ளே லிஃப்ட் இருந்தது.
"அசல் போர்ல எரிஞ்சு போச்சு.
இது அறுபத்தாறுல கட்டுன கான்கிரீட்.
நம்ம எல்ஐசி இதுக்கு அண்ணன்டா."
வெடித்துச் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தவன்
பாதியில் நிறுத்தி, யாரிடமோ தலைகுனிந்தான்.
தோட்டத்தில் நாரைகள், கூண்டுக்குள்.
பீச் பழம், விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டோம்.
வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்று.
தேனம்மையைப் பற்றி நான் கேட்கவில்லை.
வாசல் அலமாரியில் பெண் செருப்பு இல்லாததை
நான் பார்த்ததை
அவன் பார்த்தான்.

கிளம்பும் மாலை ஆற்றோரம் நடந்தோம்,
ஒரே குடையில், ஆளுக்கொரு தோள் நனைய.
ரயில் பாலத்துக்கு அடியில் நின்றான்.
கைக்கடிகாரம் பார்த்தான்.
சரக்கு வண்டி வந்தது.

கத்தினான்.
கழுத்து நரம்பு புடைக்க, அண்ணாந்து, கண்ணை மூடி,
ஏதோ நீளமாக.
சத்தம் வரவில்லை, இரும்புதான் கேட்டது.
உதடு மட்டும் தமிழில் அசைந்தது.
கடைசிப் பெட்டிக்குச் சற்று முன்னாலேயே முடித்துவிட்டான்,
எத்தனை பெட்டி என்று தெரிந்தவன் போல.
"என்னடா சொன்னே?"
"நாழியாச்சு சவரி. பஸ் போயிடும்."

குடை எப்படியோ என்னோடு வந்துவிட்டது.
இங்கே அதன் வழியே அண்ணாந்தால்
கேபிள் ஒயர்களின் சிக்கல்,
அதில் இறக்கையை உதறும் காக்கை,
கிழிந்த பேனரில் யாருடைய பல்வரிசையோ.
எல்லாவற்றின் மேலும் துளிகள் ஓடுகின்றன,
என்மேல் மட்டும் இல்லை.

போன். அவன்தான்.
அங்கே பத்தரை இருக்கும்.
"மழையா?"
"முட்டி வரைக்கும். தோண்டுன பள்ளம் எங்கன்னு
காலால தடவிக்கிட்டு நிக்கிறேன்."
மெதுவாகச் சிரிக்கிறான். சுவருக்கு அப்பால் ஆட்கள்.
என் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர்
பஸ் டிரைவரின் மூன்று தலைமுறையைத்
தண்ணீருக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.
"யார்ரா அது?"
ஊரில் யாருக்கோ கல்யாணம் என்று கேள்விப்பட்டவனின்
ஆசை அந்தக் குரலில்.

தலைக்கு மேலே பாலம் அதிரத் தொடங்குகிறது.
திருவான்மியூரிலிருந்து பறக்கும் ரயில்.
"வெச்சிடாதே சவரி. அது போற வரைக்கும்."

போனைக் குடைக்கு வெளியே நீட்டிப் பிடிக்கிறேன்.
பாலத்து இடுக்கில் ஒழுகும் தண்ணீர்
முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது.
பூக்காரம்மா என்னையே பார்க்கிறாள்.
அந்த முனையில் அவன்
கேட்டுக்கொண்டிருக்கிறானா, கத்திக்கொண்டிருக்கிறானா,
தெரியவில்லை.

ஒன்பது பெட்டிதான்.
சீக்கிரம் போய்விடும்.