கீறிப் பார்த்தல்

"சாவனி" என்றான் நர்சரிக்காரன்.
மழை மாதத்தின் பெயராம் அவர்கள் பஞ்சாங்கத்தில்.
என் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.
வாங்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன்.
மூன்று வருஷத்துக் கன்று, நானூறு ரூபாய்.
முந்நூற்று இருபதுக்குத் தந்தான்.

மயூர் விகார், தரைத்தளம்,
மூன்றடிக்கு எட்டடி மண்.
தோண்டினால் பாதிக்குமேல் செங்கல் துண்டு,
ஒரு ஷட்டில் காக்,
யமுனை எப்போதோ விட்டுப்போன மணல்.
மேல்வீட்டுத் துணிகள் சொட்டும் சோப்புத் தண்ணீர்
எட்டாத மூலை பார்த்து வைத்தேன்.

கார்த்திகையில் இலைகள் சிவந்தன.
அழகென்று படம் எடுத்து அனுப்பினேன்.
மறுவாரம் உதிர்ந்தன,
ஒன்றுவிடாமல்.
நான் வளர்ந்த ஊரில்
இப்படி மொத்தமாய்க் கைவிடுவது
செத்த செடி மட்டும்தான்.

பனியும் புகையும் பிரிக்க முடியாத காலைகளில்
முகக்கவசத்தோடு போய்
கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல்.
பட்டைக்கடியில் பச்சை,
பாசிப்பயறுத் தோலின் பச்சை.
சரி என்று உள்ளே வருவேன்.
இரண்டு நாள் தாங்காது.
இன்னொரு கீறல்.
தண்ணீர் ஊற்றியதைவிடக்
கீறியதுதான் அந்தக் குளிரில் அதிகம்.

எதிர் ஃப்ளாட் குல்ஷன் பத்ரா
கார் நிறுத்த இடம் தேடுகிறவர்.
"செத்த குச்சிதானே ஜி,
எடுத்துவிட்டால் என் வேகன்-ஆர் நேராக நிற்கும்."
உயிர் ஆண்பாலா பெண்பாலா என்று
என் இந்தி திணறியது.
கையைப் பிடித்து இழுக்காத குறையாய்க் கூட்டிப்போய்
அவர் கண்முன் கீறினேன்.
குனிந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
மறுபடி குனிந்தார்.
"ஹோலி வரைக்கும் பார்ப்போம்" என்றார்,
வாடகை பாக்கிக்குத் தவணை தருகிறவர் போல.

தையில் தோட்டக்காரர் சோம்பால் வந்தார்
(பெயரில் மட்டும் சோம்பல்).
நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில்
எல்லாக் கிளையையும் முழங்கால் உயரத்துக்கு
வெட்டிப் போட்டுவிட்டார்.
என் பச்சைக் கோடுகளில் பாதி
குப்பை வண்டியில் போயிற்று.
சண்டை பிடித்தேன்.
"புதுக்கிளையில்தான் பூக்கும் மேடம்.
பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?"
பீடியைச் செங்கல்லில் அணைத்தார்.
மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

ஹோலிக்கு நான்கு நாள் முன்பு
வெட்டுவாய்களில் மிளகளவு சிவப்பு.
பத்ராவைக் கூப்பிடவில்லை.
அவரே வந்து பார்த்திருப்பார் போல,
ஈர மண்ணில் பெரிய செருப்புத்தடம்.

ஆனியில், லூ அடித்த வாரம் மொட்டு.
மழை வந்த அன்று பூ.
இஸ்திரி காணாத பூ.
சட்டைப்பையில் திணித்து
அவசரத்துக்கு உருவிய
ரோஸ் நிறக் கைக்குட்டை போலக் கசங்கி,
அதில் துளி வெட்கமும் இல்லாமல்.

கோடையில் எப்போதோ
அடித்தண்டின் பட்டை உரிந்திருக்கிறது.
உள்ளே வழவழவென்று வேறு தோல்.
என் நகம் பட்ட இடங்களைத்
தடவித் தடவித் தேடினேன்.
ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்பது மணிக்கு
கோணலாகவே நின்ற வேகன்-ஆர் புறப்படுகிறது.
நனைந்த கண்ணாடியெங்கும் பூ ஒட்டியிருக்கிறது.
பத்ரா வைப்பரைப் போடாமல்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து
ஓட்டிப் போகிறார்.